காரணம் தெரியாத உடல் நோவு: கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டியது



காய்ச்சல் வந்தால் காய்ச்சல் என்று தெரிகிறது. தேள் கொட்டினால் தேள் என்று தெரிகிறது. கால் ஒடிந்தால் கட்டுப் போடலாம். ஆனால் சில நோவுகளுக்குப் பெயர் தெரிவதில்லை. ஒரு மாசம் கை கால் குடைச்சல். அடுத்த மாசம் தலைசுத்தல். அப்புறம் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. படுத்தால் எழுந்திருக்க மனமில்லை. "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால், "என்னமோ செய்யுது" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை.

இப்படிப்பட்ட நோவு மாசக்கணக்கில் இழுக்கும்போது உடம்பு மட்டுமா கெடுகிறது? கையிலிருக்கும் பணம் கரைகிறது. வீட்டில் பேச்சு வளர்கிறது. "வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள்" என்ற பழிச்சொல் வருகிறது. ஆகவே இந்தப் பிரசுரத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் படிக்க மற்றவர் கேட்டாலும் சரிதான். மாமியார், மாமனார் கூட இருந்து கேட்டால் இன்னும் நல்லது.

ஒரு வீட்டில் நடப்பது

எல்லா ஊரிலும் காணக்கூடிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், மற்ற நாளில் கூலி வேலை. மனைவிக்கு 28 வயது. இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தோடு குடும்ப நல அறுவை சிகிச்சையும் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது.

அந்த அம்மாளுக்கு முதலில் அசதி வந்தது. பக்கத்து டவுனில் ஒரு டாக்டர் சத்து ஊசி போட்டார். இரண்டு நாள் தெம்பாக இருந்தது போல் தோன்றி, திரும்பவும் பழைய கதை. பிறகு முடி கொட்டியது. கடையில் விளம்பரம் பார்த்து எண்ணெய் வாங்கினார்கள். அப்புறம் மலச்சிக்கல். நாட்டு வைத்தியரிடம் சூரணம். மாதவிலக்கு ஏழெட்டு நாள் நீடித்து அதிகமாகப் போயிற்று. வேறொரு டாக்டரிடம் ஸ்கேன். தண்ணீர்க் குடம் தூக்கினால் நெஞ்சு படபடவென்று அடித்தது. இன்னொரு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எல்லாம் நார்மல் என்றார்கள். ஆட்டுக்குட்டி விற்ற பணம் போன இடம் தெரியவில்லை.

மாமியார், "ஆபரேஷன் பண்ணின நாள் முதலா இவ உடம்பு இவளுக்கு ஆகல" என்றார். பக்கத்து வீட்டு அம்மாள், "காத்து கருப்பு அண்டியிருக்கும், மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க" என்றார். கணவரோ, "எத்தனை டாக்டரைத்தான் பார்க்கிறது? உனக்கு ஒண்ணுமில்லை, மனசுதான் காரணம்" என்று சலித்துக்கொண்டார். அந்த அம்மாள் அதன் பிறகு எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். நோவு போய்விட்டதா? இல்லை. வாய் அடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?

யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதை உங்களுக்குத் தெரியும். காலைப் பிடித்தவன் தூண் என்றான், காதைப் பிடித்தவன் முறம் என்றான். இங்கேயும் அதேதான். முடிக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர் என்று போனதால், ஒவ்வொருவரும் ஒரு துண்டை மட்டும் பார்த்தார்கள். முழு யானையை ஒருவரும் பார்க்கவில்லை. குற்றம் டாக்டர்கள் மேல் மட்டும் இல்லை. நாம் சொன்னதே ஒரு துண்டுதான். முடி கொட்டுவதைக் காட்டப் போன இடத்தில், மாதவிலக்கைப் பற்றிச் சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை. சொல்லக் கூச்சமும் உண்டு. பழைய சீட்டுகளைத் தொலைத்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து தொடங்குகிறோம்.

நோட்டுப் புத்தகம்: முதல் மருந்து

ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ கொடுத்து ஒரு நோட்டு வாங்குங்கள். அதில் கீழ்க்கண்டவற்றை எழுதுங்கள். எழுத வராதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு எழுதிக்கொள்ளலாம்.

1. எந்த மாசம் எந்த நோவு முதலில் தொடங்கியது? தேதி நினைவில்லை என்றால், "பொங்கலுக்கு முன்", "சின்னவன் பால் மறந்த பிறகு" என்று எழுதினாலும் போதும்.
2. எந்த நேரத்தில் அதிகம்? காலையிலா, சாயங்காலமா, வேலை செய்யும்போதா, சும்மா இருக்கும்போதா?
3. மாதவிலக்கு எந்தத் தேதி வந்தது, எத்தனை நாள் இருந்தது, ஒரு நாளைக்கு எத்தனை துணி அல்லது நாப்கின் மாற்ற வேண்டியிருந்தது, கட்டி கட்டியாகப் போனதா?
4. பசி, மலம், சிறுநீர், தூக்கம் எப்படி? எடை கூடியதா, குறைந்ததா?
5. சாப்பிட்ட மருந்து எல்லாம். சூரணம், லேகியம், மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையும் சேர்த்து.
6. குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, தைராய்டு, காசநோய், இரத்த சம்பந்தமான நோய் உண்டா?

எடுத்த எல்லாப் பரிசோதனைச் சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி ஒரே பையில் வையுங்கள். இந்த நோட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு ஒரே டாக்டரிடம் போங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும். "இது எல்லாம் எனக்கு இருக்கு, சேர்த்துப் பாருங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் பல ஆயிரம் ரூபாய் பெறும்.

மேலே சொன்ன குடும்பம் இப்படிச் செய்தால் என்ன தெரியவரும்? இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருக்கும். தைராய்டு சுரப்பும் குறைந்திருக்கும். இந்த இரண்டும் தனித்தனி நோய் அல்ல. தைராய்டு குறைந்ததால் அசதியும், முடி கொட்டுதலும், மலச்சிக்கலும் வந்தன. மாதவிலக்கு அதிகமாகப் போனதற்கும் அதுவே காரணம். அதிகமாகப் போனதால் இரத்தம் குறைந்தது. இரத்தம் குறைந்ததால் நெஞ்சு படபடத்தது. ஐந்து நோவு, ஒரே வேர். வேரைப் பார்க்காமல் இலைக்கு ஒவ்வொன்றாக மருந்து அடித்தால் பயிர் பிழைக்குமா?

ஒளிந்திருக்கும் காரணங்கள்

(அ) இரத்த சோகை

இது மிக மிகச் சாதாரணம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்த சோகை இருந்தது. அதாவது இரண்டு பெண்களில் ஒருவருக்கு. எல்லோருக்கும் இருப்பதால், "பொம்பளைன்னா அசதி இருக்கத்தான் செய்யும்" என்று நினைத்துவிடுகிறோம். அது தவறு.

கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக்கூடாது. கர்ப்பிணிக்கு 11, ஆணுக்கு 13. குறைந்தால் மூச்சு வாங்கும், கிறுகிறுப்பு வரும், கீழ் இமையின் உட்புறமும் நாக்கும் வெளுத்திருக்கும். சிலருக்குப் பச்சரிசி, பல்பம், திருநீறு, அடுப்பு மண் தின்னும் ஆசை வரும். கெட்ட பழக்கம் என்று திட்டாதீர்கள். இரும்புச்சத்து குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

சாப்பாட்டில் சத்துக் குறைவு, மாதவிலக்கு அதிகம் போவது, மூல ரத்தம், வெறுங்காலில் நடப்பதால் தோல் வழியாக ஏறும் கொக்கிப்புழு, பிரசவங்களுக்கு இடையில் போதிய இடைவெளி இல்லாதது ஆகியவை இதற்குக் காரணங்கள். காப்பர்-டி போட்ட சிலருக்கு மாதவிலக்கு சற்று அதிகமாகலாம். அப்படியானால் பயந்து நீங்களாகவே முடிவெடுக்காமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். மாற்று முறைகள் இருக்கின்றன.

(ஆ) தைராய்டு

தொண்டையின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அடுப்பில் தீ எவ்வளவு எரிய வேண்டும் என்று திருகுவது போல, உடம்பின் வேகத்தை அது கட்டுப்படுத்துகிறது. சுரப்பு குறைந்தால் எல்லாம் மந்தமாகும். குளிர் தாங்காது, எடை கூடும், குரல் கம்மும், மறதி வரும், மனம் சோர்ந்து போகும், கர்ப்பம் தரிப்பதும் தாமதமாகலாம். சுரப்பு அதிகமானால் நேர்மாறு. சாப்பிட்டும் உடம்பு இளைக்கும், வியர்க்கும், கை நடுங்கும், தூக்கம் வராது. பிரசவமான முதல் வருஷத்தில் சிலருக்கு இந்தக் கோளாறு புதிதாக வருவதுண்டு. டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பழைய செய்தி. 1891-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர், பல வருஷமாக மந்தப்பட்டு முகம் வீங்கிப் போயிருந்த 46 வயது பெண்மணிக்கு, ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் எழுந்து நடமாடி, 74 வயது வரை வாழ்ந்தார். இன்று ஆட்டுச் சாறு வேண்டியதில்லை. தினம் ஒரு சிறு மாத்திரை போதும்.

(இ) சர்க்கரை, காசநோய்

அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், ஆறாத புண், பிறப்புறுப்பில் அரிப்பு இருந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளி பரிசோதனை செய்ய வேண்டும். இவை ஆண்களுக்கும் வரும். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும் கணவர்மார்கள் கவனிக்கவும்.

(ஈ) மனச்சோர்வு

இதுவும் உடம்பு நோவாகவே வெளிப்படும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது, தூக்கமில்லை என்றால் அது சோம்பலோ, பேய்க்கோளாறோ அல்ல. சிகிச்சை உள்ள நோய். அதே சமயம், இரத்தமும் தைராய்டும் பார்க்காமல் "மனசுதான்" என்று முடிவு கட்டக்கூடாது. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

ஆபரேஷன்தான் காரணமா?

இந்தக் கேள்வி எந்தக் கிராமத்துக் கூட்டத்திலும் வராமல் இருந்ததில்லை. குடும்ப நல அறுவை சிகிச்சையில் கருக்குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது. கர்ப்பப்பையோ, சினைப்பையோ எடுக்கப்படுவதில்லை. உடலின் பலமும் குறைவதில்லை. ஆண்களுக்குச் செய்யும் வாசக்டமியும் அப்படித்தான். ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் காய்ச்சல், புண்ணில் சீழ், கடுமையான வயிற்றுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்து வரும் அசதிக்கும் குடைச்சலுக்கும் ஆபரேஷன் மேல் பழி போட்டுவிட்டால், நிஜமான காரணத்தை யாரும் தேடமாட்டார்கள். அதில்தான் ஆபத்து.

எங்கே பரிசோதிப்பது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீர், சளி ஆகியவற்றைப் பணமில்லாமல் பார்க்கலாம். தைராய்டு பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்பதை அங்குள்ள டாக்டரே எழுதிக்கொடுப்பார். 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வரும் பணியாளரிடமும் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108.

மாத்திரை சாப்பிடும் முறை

காரணம் தெரிந்த பிறகும் பலர் தோற்றுப்போவது இங்கேதான்.

இரும்புச்சத்து மாத்திரை: டீ, காபியோடு சாப்பிட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காயோடு சாப்பிட்டால் நன்றாக ஒட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். "சூடு பண்ணுது" என்று நிறுத்தாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடலாம். இரத்தம் சரியான அளவுக்கு வந்த பிறகும், டாக்டர் சொல்லும் வரை தொடர வேண்டும். உடம்பில் இருப்புச் சேர மேலும் சில மாதங்கள் பிடிக்கும். கர்ப்பிணிகள் 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் சாப்பிட வேண்டும். முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள், கறி, மீன் ஆகியவை துணை நிற்கும். ஆனால் இரத்தம் மிகக் குறைந்தவருக்குக் கீரை மட்டும் போதாது.

தைராய்டு மாத்திரை: காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, பலகாரம். இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இதோடு சேரக்கூடாது. நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். குணம் ஒரே நாளில் தெரியாது. சில வாரங்கள் ஆகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்ப இரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். கர்ப்பம் தரித்தால் மாத்திரையை நிறுத்தவே கூடாது. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது தேவை.

எல்லாம் "நார்மல்" என்று வந்தால்?

இதுதான் கடினமான கட்டம். சீட்டில் நார்மல் என்று இருக்கிறது, உடம்பில் நோவும் இருக்கிறது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பார்த்த பரிசோதனையில் தெரியவில்லை என்றுதான் அதற்குப் பொருள். நோவே இல்லை என்று பொருள் அல்ல. சில நோய்கள் தொடக்கத்தில் அகப்படாமல், சில மாதம் கழித்துத் தெளிவாகத் தெரியும்.

அப்போது செய்ய வேண்டியவை:

• வேறு டாக்டர், வேறு ஊர் என்று ஓடாதீர்கள். அதே டாக்டரிடம், "எத்தனை வாரம் கழித்துத் திரும்ப வரட்டும்? என்ன மாறினால் உடனே வரட்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தவறாமல் போங்கள்.
• நோட்டில் எழுதுவதை நிறுத்தாதீர்கள்.
• இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் 1 கிராம் கூட ஏறவில்லை என்றால், வேறு காரணம் தேட வேண்டும். பி-12 சத்துக் குறைவாகவோ, பரம்பரை இரத்த நோயாகவோ இருக்கலாம்.
• மருந்துக்கடையில் தானாக வலி மாத்திரை, சத்து ஊசி கேட்டு வாங்காதீர்கள்.
• தெம்பு உள்ள நேரத்தில் முக்கிய வேலை, மற்ற நேரத்தில் ஓய்வு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஓய்வு எடுப்பது குற்றமல்ல.

சாமிக்கு வேண்டிக்கொள்வதைத் தடுக்கவில்லை. மனதுக்குத் தைரியம் வருமானால் வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் மந்திரிக்கிற செலவில், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கணவருக்குச் சில வார்த்தைகள்

மனைவி "முடியலைங்க" என்று சொன்னால், முதலில் நம்புங்கள். நம்புவதற்குக் காசு தேவையில்லை. டாக்டரிடம் கூடப் போங்கள். அவர் சொல்ல மறந்ததை நீங்கள் சொல்லலாம், டாக்டர் சொன்னதை இருவரும் நினைவில் வைக்கலாம். கொஞ்ச நாளைக்குத் தண்ணீர் எடுப்பதையும், மாட்டுக்குத் தீனி வைப்பதையும் நீங்கள் ஏற்றுக்கொண்டால் கௌரவம் குறையாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைத்தான் மனைவி சாப்பிடுகிறார் என்றால், அந்தப் பழக்கத்தை இன்றே மாற்றுங்கள். குழந்தை தங்கவில்லை என்றால் பழியை மனைவி தலையில் போடாமல், இருவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு நோவு வந்தாலும் மறைக்காமல் மனைவியிடம் சொல்லுங்கள். நோட்டில் உங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றுக்கு நோட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்:

நெஞ்சுவலி, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல் அல்லது வாய் கோணுதல், மணிக்கு ஒரு துணி நனையும் அளவு இரத்தப்போக்கு, இரத்த வாந்தி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்.

மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் படுதல், உறவுக்குப் பின் இரத்தம் படுதல், காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவற்றையும் அந்த வாரத்திலேயே காட்டிவிட வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. பல நோவு என்றால் பல நோய் என்று அர்த்தமில்லை. வேர் ஒன்றாக இருக்கலாம்.
2. ஒரு நோட்டு, ஒரு பை, ஒரு டாக்டர்.
3. கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.
4. காரணம் தெரியும் வரை பொறுமை. தெரிந்த பிறகு மாத்திரையில் ஒழுங்கு.
5. நோவு வந்தவரைக் குறை சொல்லாதீர்கள். துணை நில்லுங்கள்.

மேலும் விவரம் அறிய உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். படித்து முடித்ததும் இந்தப் பிரசுரத்தைக் கிழித்துப் போடாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்!